உப்புவெளிக் கடலை உலாவிக்குக் கொண்டுவந்த கமரா: 14 மாதப் பயன்பாட்டின் பின் ஒரு மதிப்பீடு

திருகோணமலையை அடுத்த உப்புவெளியில் எங்கள் குடும்பத்துக்கு மூன்று அறைகள் கொண்ட சிறிய விருந்தினர் விடுதி ஒன்று உள்ளது. அதன் மொட்டைமாடியில் நின்றால் நேரே திறந்த கடலும், வலப்புறத்தில் குடாவுக்கு அப்பால் கோணேசர் கோவில் அமர்ந்த சுவாமி மலையும் தெரியும். ரொறன்ரோவில் வாழும் அக்கா இந்தக் காட்சியைத் தன் வீட்டிலிருந்தே பார்க்க வேண்டும் என்று பல காலமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். கோடைக்காலத்தில் இங்கு காலை 6 மணியாகும்போது அங்கு முதல்நாள் இரவு 8.30 மணி, பிள்ளைகளை உறங்க வைக்கும் முன் நம் ஊரில் பொழுது புலர்வதைக் காட்டலாம் என்பது அவருடைய ஆசை. அறை பதிவு செய்யுமுன் கடல் எப்படி இருக்கிறது என்று விசாரிக்கும் விருந்தினர்களுக்கும் அதே படம் உதவும் என்று எண்ணி, சென்ற ஆண்டு பங்குனி மாதம் வலையமைப்புக் கமரா ஒன்றை வாங்கி மாடியில் பொருத்தினேன். ஒரு தென்மேற்குக் கச்சான் காற்றுக் காலத்தையும் ஒரு முழு வடகிழக்கு வாடைக் காற்றுக் காலத்தையும் அது கண்டுவிட்டது. இனி அதைப் பற்றி உறுதியாக எழுதலாம்.

முதலில், இது எவ்வகைக் கமரா என்பதைத் தெளிவாக்க வேண்டும், ஏனெனில் கடையில் நான் கேட்டதும் எனக்குக் காட்டப்பட்டதும் வேறு வேறாக இருந்தன. கணினியில் செருகிப் பயன்படுத்தும் கமரா தானாக எதையும் அனுப்பாது. அதற்குப் பின்னால் ஒரு கணினி எந்நேரமும் இயங்க வேண்டும். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணினி ஆய்வுகூடத்தில் 1991இல் கோப்பிக் குடுவையை நோக்கி வைக்கப்பட்டு, 1993இல் இணையத்தில் இணைக்கப்பட்டு, 2001 வரை இயங்கிய புகழ்பெற்ற கமராவும் கணினியின் துணையுடன் இயங்கியதுதான். சுவீடனின் ஆக்சிஸ் நிறுவனம் 1996இல் வெளியிட்ட நெட்ஐ 200 என்னும் கமராவே கணினியின் துணையின்றி நேரே வலையமைப்பில் இணைந்த முதலாவது கமராவாகும். அது சிறிய அளவில் விநாடிக்கு ஒரு படமும், பெரிய அளவில் 17 விநாடிக்கு ஒரு படமுமே தந்தது. ஆயினும் வில்லை, உணரி, படத்தைச் சுருக்கும் சில்லு, இணையச் சேவையகம் ஆகிய அனைத்தும் ஒரே பெட்டிக்குள் அமையும் முறை அத்துடன் தொடங்கியது. நான் வாங்கியதும் அதே அமைப்பின் வழிவந்ததுதான்: வலையமைப்பில் அதை அடையாளங்காட்டும் இலக்கமான ஐபி முகவரி ஒன்று அதற்கென உண்டு, அந்த முகவரியை உலாவியில் இட்டால் கமராவே தன் பக்கத்தைத் திறந்து காட்டும்.

பெயரை இங்கே குறிப்பிடவில்லை. இதே உட்பலகையும் இதே மென்பொருளும் வேறு உறைகளில் வேறு பெயர்களுடன் விற்கப்படுவதால், பெயரைச் சொல்வதைவிடத் தன்மைகளைச் சொல்வதே வாங்குபவருக்குப் பயன்படும். 1920க்கு 1080 பிரிதிறன், விநாடிக்கு 25 படங்கள், எச்.264, எச்.265, மோஷன் ஜேபெக் ஆகிய மூன்று சுருக்கமுறைகள், தூசியும் பாய்ந்துவரும் நீரும் புகாத ஐ.பி.66 தரத்திலான உறை, வலையமைப்புக் கேபிள் வழியாகவே மின்சாரம் பெறும் வசதி என்பன இதில் உள்ளன. கமராவுக்கும் மின்சாரம் செலுத்தும் சிறு பெட்டிக்கும் சேர்த்து 24,500 ரூபா கொடுத்தேன்.

படத்தின் தரம் பற்றிப் பெரிய குறையில்லை. கிழக்கு நோக்கிய கமராவுக்குக் காலைச் சூரியன் நேர் எதிரே எழுவது கடினமான சோதனையாகும். சாதாரண கமராவில் வானம் வெளுத்துப்போய்க் கரையில் கிடக்கும் வள்ளங்கள் கறுத்த நிழல்களாகிவிடும். குறைந்த ஒளியையும் மிகை ஒளியையும் தனித்தனியே பதிந்து ஒன்றாக்கும் வசதி இதில் இருப்பதால், சூரியன் எழுந்த பின்னரும் வள்ளங்களின் நிறம் தெரிகிறது. இரவில் செங்கீழ்க் கதிர் விளக்குகளை நான் நிறுத்திவிட்டேன். அவை கடலின் தூரத்தை எட்டுவதில்லை. மாறாக அருகில் பறக்கும் பூச்சிகளையும் சிலந்தி நூலையும் வெள்ளைக் கோடுகளாக்கி முழுப் படத்தையும் மறைத்துவிட்டன.

எதிர்பாராத சிக்கலைத் தந்தது கடல்தான். எச்.264 முறையில் முழுப் படம் ஒன்று அனுப்பப்பட்ட பின், அடுத்து வருபவற்றில் முந்தியதிலிருந்து மாறிய பகுதிகள் மட்டுமே அனுப்பப்படுகின்றன. ஒரு கடையின் உட்புறத்தைக் காட்டும் கமராவில் சுவரும் அலுமாரியும் அசையாதவை என்பதால் இந்தச் சிக்கனம் நன்றாகப் பலிக்கிறது. கடலிலோ படத்தின் பாதிக்கு மேற்பட்ட பரப்பு ஒவ்வொரு கணமும் மாறிக்கொண்டே இருக்கிறது. ஒரு கணம் மின்னிய அலைநுனி மறுகணம் அதே இடத்தில் இருப்பதில்லை. ஆகவே அனுப்ப வேண்டிய மாற்றங்கள் மிகுகின்றன. ஆவணியில் கடல் எண்ணெய் பரவியதுபோல் அமைதியாகக் கிடந்த விடியற்காலைகளில் 2 மெகாபிற்றுக்கும் குறைந்த வேகத்தில் சென்ற அதே படம், மார்கழியில் வாடை அடித்தபோது நான் விதித்திருந்த 4 மெகாபிற்று எல்லையை முட்டி நின்றது. எல்லையை முட்டியதும் கமரா அலைகளின் நுணுக்கத்தைக் கைவிட்டுச் சதுரம் சதுரமாகப் படத்தைக் கலைத்துவிடுகிறது. கடலையோ தென்னந்தோப்பையோ காட்ட விரும்புபவர்கள், விற்பனைப் பெட்டியில் அச்சிட்டிருக்கும் வேகக் கணக்கை நம்பாமல் அதைவிடக் கூடுதலாக ஒதுக்கிக்கொள்ள வேண்டும். விநாடிக்கு 25 படங்களை 12 ஆகக் குறைத்ததே எனக்குக் கைகொடுத்தது. அலையின் ஓட்டம் சற்று வெட்டி வெட்டித் தெரிந்தாலும் ஒவ்வொரு படமும் தெளிவாக இருக்கிறது.

இனி, அந்தப் படம் பார்ப்பவரிடம் எவ்வாறு போய்ச் சேர்கிறது என்பதைச் சொல்ல வேண்டும். இந்த மதிப்பீட்டை எழுதத் தூண்டியதே அந்தப் பகுதிதான், ஏனெனில் கமராவை நான் குறைகூறுவதும் பாராட்டுவதும் அதனை ஒட்டியே அமைகின்றன.

கமராவிடமிருந்து படத்தை மூன்று வழிகளில் பெறலாம். முதலாவது, குறித்த ஒரு முகவரியைக் கேட்டால் அந்தக் கணத்தின் படத்தை ஒற்றை ஜேபெக் கோப்பாகத் தருவது. இரண்டாவது மோஷன் ஜேபெக்: உலாவி ஒருமுறை கேட்டதும் கமரா அந்த இணைப்பை மூடாமல், பழைய படத்தின் இடத்தில் புதிய படத்தை வைக்குமாறு சொல்லிச் சொல்லி ஒன்றன்பின் ஒன்றாக முழுப் படங்களை அனுப்பிக்கொண்டே இருக்கும். இதற்கு எந்தக் கூடுதல் மென்பொருளும் வேண்டியதில்லை என்பதே இதன் பெருஞ்சிறப்பு. பக்கத்தில் சாதாரணப் படம் ஒன்றை வைப்பதற்கான ஒரே வரி போதும். ஆயினும் ஒவ்வொரு படமும் முழுப் படமாதலால் சுமை அதிகம். எங்கள் கடற்காட்சியில் ஒரு படம் ஏறக்குறைய 200 கிலோபைற்று வருகிறது. விநாடிக்கு 10 படங்கள் என்றால் 16 மெகாபிற்று வேகம் தேவைப்படும். வீட்டின் உள் வலையமைப்பில் இது இலகுவாக ஓடுகிறது. வெளியே அனுப்ப எங்களிடம் அவ்வளவு வேகம் இல்லை.

மூன்றாவது வழி, ஓடும் படத்தைக் கமராவிடம் கேட்டுப் பெறுவதற்கான ஆர்.ரி.எஸ்.பி. எனப்படும் நெறிமுறை. 1998இல் வகுக்கப்பட்ட இது, பெரும்பாலும் 554ஆம் இலக்க வாயிலில் (சாதனம் வலையமைப்பு அழைப்புகளை ஏற்கும் இலக்கமிட்ட வழியில்) எச்.264 ஓட்டத்தைத் தருகிறது. வீ.எல்.சி. போன்ற காணொளி ஓட்டும் மென்பொருளில் அழகாக ஓடும் இந்த ஓட்டத்தை எந்தப் பொது உலாவியும் நேரே திறப்பதில்லை. இதனை வாங்குமுன் யாராவது எனக்குச் சொல்லியிருந்தால் இரண்டு கிழமை வேலை மிஞ்சியிருக்கும். "இணையத்தில் நேரலை" என்று பெட்டியில் எழுதியிருந்ததை உலாவியில் நேரலை என்று நான் பொருள்கொண்டேன். கமராவின் சொந்தப் பக்கத்தைத் திறந்தபோதோ, இன்ரர்நெட் எக்ஸ்புளோரர் உலாவியுடன் கூடுதலாக இணைக்கும் செருகுநிரல் ஒன்றை நிறுவுமாறு அது கேட்டது. அந்த உலாவி 2022 ஆனி மாதமே ஓய்வு பெற்றுவிட்டது. குரோம் உலாவியும் அத்தகைய பழைய செருகுநிரல்களை 2015இலேயே கைவிட்டுவிட்டது. புதிதாக விற்கப்படும் ஒரு பொருள், இல்லாத உலாவி ஒன்றை நம்பியிருப்பதை மன்னிக்க முடியவில்லை. இதே விலையில், செருகுநிரல் எதுவுமின்றித் தன் பக்கத்தைக் காட்டும் கமராக்களும் உள்ளன. கடையிலேயே மடிக்கணினியில் இணைத்துத் திறந்து காட்டும்படி கேட்டுப் பாருங்கள்.

விற்பனையாளர் பரிந்துரைத்த வழி வேறு. கைத்தொலைபேசியில் தயாரிப்பாளரின் செயலியை நிறுவி, கமராவின் அடியில் ஒட்டியிருந்த சதுரக் குறியீட்டை ஒளிவருடியதும் படம் வந்துவிட்டது. இது உண்மையிலேயே இலகுவானது. கமரா தயாரிப்பாளரின் சேவையகத்துடன் தானாகவே தொடர்பு வைத்துக்கொள்கிறது. செயலியும் அதே சேவையகத்தைக் கேட்கிறது. அது இரண்டையும் அறிமுகப்படுத்திவிட, இயன்றால் அவை நேரே பேசிக்கொள்கின்றன, இயலாவிட்டால் படம் அந்தச் சேவையகத்தின் ஊடாகவே செல்கிறது. அக்காவுக்கு இதுவே போதுமானதாக இருந்தது. ஆனால் அறை கேட்டு விசாரிக்கும் முன்பின் அறியாத விருந்தினரிடம் செயலியை நிறுவுங்கள், கணக்குத் திறவுங்கள் என்று எப்படிச் சொல்வது? மேலும், சித்திரை மாதத்தில் அந்தச் சேவையகம் மூன்று நாட்கள் எட்டாமற் போனபோது, என் வீட்டு மாடியில் நலமாக இயங்கிக்கொண்டிருந்த கமராவை நானே வெளியிலிருந்து பார்க்க முடியவில்லை. என் கடலை நான் பார்ப்பதற்கு வேறொருவரின் இயந்திரம் விழித்திருக்க வேண்டும் என்ற ஏற்பாட்டை என்னால் ஏற்க முடியவில்லை.

கமராவை வெளியிலிருந்து நேரே அணுகலாமா என்று முயன்றேன். எங்கள் வீட்டில் இருப்பது 4ஜி இணைப்பு. ரவுட்டரின் வெளிமுகவரி 100.64 என்று தொடங்கியது. 100.64 முதல் 100.127 வரை தொடங்கும் முகவரிகள், ஒரே பொது முகவரியைப் பல வாடிக்கையாளருக்குப் பகிர்ந்தளிப்பதற்கென ஒதுக்கப்பட்டவை. அத்தகைய இணைப்பில் ரவுட்டரில் எந்த வாயிலைத் திறந்துவிட்டாலும் வெளியிலிருந்து வரும் அழைப்பு வீடுவரை வந்துசேராது. உங்கள் ரவுட்டரில் இந்த இலக்கத்தைக் கண்டால் அந்த முயற்சியில் ஒரு மாலையையும் செலவிட வேண்டாம்.

சேராததும் ஒருவகையில் நன்மையே. 2016இல் மிராய் என்னும் தீநிரல், தொழிற்சாலையில் இட்ட கடவுச்சொல் மாற்றப்படாத கமராக்களையும் பதிவுப் பெட்டிகளையும் இணையமெங்கும் தேடிப் பிடித்து, அவற்றின் ஊடாகவே பெரும் இணையத்தளங்களை முடக்கியது. கமராவும் ஒரு கணினி என்பதை மறந்தவர்களின் சாதனங்களே அதற்கு ஆயுதமாயின. என் கமரா முதல் இணைப்பிலேயே புதிய கடவுச்சொல்லைக் கட்டாயமாகக் கேட்டது. இதற்காக அதன் தயாரிப்பாளரைப் பாராட்டுகிறேன். ஆனால் ரவுட்டரில் தானாகவே வாயில்களைத் திறந்துகொள்ளும் வசதி இயங்கும் நிலையிலேயே வந்தது. அதை முதல் வேலையாக நிறுத்திவிட வேண்டும்.

வெளியிலிருந்து உள்ளே வர முடியாவிட்டால் உள்ளிருந்து வெளியே அனுப்பலாம் அல்லவா? கமராவின் அமைப்புப் பக்கத்தில், எவரும் கவனிக்காத ஒரு மூலையில், குறித்த இடைவெளியில் படமெடுத்து, கோப்புகளை அனுப்பும் பழைய முறையான எஃப்.ரி.பி. வழியாக வேறொரு சேவையகத்துக்கு அனுப்பும் வசதி இருந்தது. எங்கள் விடுதியின் இணையத்தளம் ஏற்கெனவே வெளிநாட்டுச் சேவையகம் ஒன்றில் இயங்குகிறது. 10 விநாடிக்கு ஒருமுறை 1280க்கு 720 அளவிலான படமொன்றை அங்கே அனுப்புமாறு அமைத்தேன். ஒரு படம் சராசரியாக 100 கிலோபைற்று. நாள் முழுவதும் அனுப்பினால் 8,640 படங்கள், 864 மெகாபைற்று. இரவு 7 மணி முதல் விடிகாலை 5 மணி வரை நிமிடத்துக்கு ஒன்றாகக் குறைத்ததும் நாளொன்றுக்கு 564 மெகாபைற்றாயிற்று. இதே கமரா 4 மெகாபிற்று வேகத்தில் இடைவிடாது நேரலை அனுப்பினால் நாளொன்றுக்கு 43 கிகாபைற்று போய்விடும் என்பதை நினைத்தால், தரவுக்கு அளந்து பணம் கட்டும் நம்மவர்க்கு எது பொருந்தும் என்று விளங்கும்.

இன்னொரு பெரிய நன்மையும் உண்டு. கமராவை நேரே பார்க்கும் ஒவ்வொருவருக்கும் அது தனித்தனியே ஓர் ஓட்டத்தை அனுப்ப வேண்டும். அரை மெகாபிற்று அளவிலான சிறிய ஓட்டமாக இருந்தாலும் 20 பேர் பார்த்தால் 10 மெகாபிற்று. கமராவின் சிறிய சில்லு அதற்கு முன்னரே திணறத் தொடங்கிவிடும். சேவையகத்தில் வைத்த படத்தையோ எத்தனை பேரும் பார்க்கலாம். வீட்டு இணைப்பிலிருந்து போவது எப்போதும் ஒரே ஒரு பிரதிதான்.

இந்த ஏற்பாட்டிலும் சில நெருடல்கள் இருந்தன. எஃப்.ரி.பி. கடவுச்சொல்லை மறைக்காமலே அனுப்புகிறது. மறைத்து அனுப்பும் வகை இந்தக் கமராவில் இல்லை. இது உண்மையான குறை. அதனால் அந்த ஒரு கோப்புறைக்கு மட்டும் உரிமையுள்ள தனிக் கணக்கொன்றை அமைத்தேன். பழைய படத்தின் மேலேயே புதிய படத்தை எழுதுவதால், எழுதி முடியுமுன் ஒருவர் பக்கத்தைத் திறந்தால் மேற்பாதியில் வானமும் கீழ்ப்பாதியில் சாம்பல் நிறமும் தெரியும். ஒவ்வொரு ஜேபெக் கோப்பும் குறித்த இரண்டு பைற்றுகளுடன் முடியும் என்பதால், அந்த முடிவு இருக்கிறதா என்று பார்த்த பின்னரே படத்தைப் பொதுப் பக்கத்துக்கு நகலெடுக்கும் சிறு நிரலொன்றைச் சேவையகத்தில் இட்டேன். உலாவி பழைய படத்தையே நினைவில் வைத்துக் காட்டாதிருக்க, முகவரியின் இறுதியில் நேரத்தைச் சேர்த்துக் கேட்கும்படி பக்கத்தையும் மாற்றினேன். கமராவின் கடிகாரம் நம் நேரத்தைவிட இரண்டரை மணித்தியாலம் முந்திய சீன நேரத்தில் வந்திருந்தது. நேர வலயத்தைத் திருத்தாமல் விட்டால் காலை 6 மணிச் சூரியோதயத்தின்மேல் 8.30 என்று அச்சாகும்.

அசையும் நேரலைதான் வேண்டும் என்பவர்களுக்கு வழி உண்டு. வீட்டில் ஒரு சிறு கணினி ஆர்.ரி.எஸ்.பி. ஓட்டத்தைப் பெற்று, அதைச் சில விநாடித் துண்டுகளாக்கும் எச்.எல்.எஸ். முறைக்கு மாற்றிச் சேவையகத்துக்கு அனுப்பலாம். ஆப்பிள் நிறுவனம் 2009இல் அறிமுகப்படுத்திய இம்முறை கைத்தொலைபேசிகளில் நன்றாக ஓடுகிறது, ஆனால் படம் பல விநாடிகள் பிந்தி வரும். பிந்தாமல் வேண்டுமெனில், உலாவிகள் காணொளி அழைப்புக்குப் பயன்படுத்தும் வெப்ஆர்.ரி.சி. முறை உண்டு. இரண்டுக்கும் எச்.264 ஓட்டத்தையே எடுங்கள், எச்.265 பாதியளவு தரவில் அதே படத்தைத் தந்தாலும் எல்லா உலாவிகளும் அதை ஓட்டுவதில்லை. இதற்குக் கமராவின் ஓட்ட முகவரி தேவை. கடையில் எவருக்கும் அது தெரிந்திருக்கவில்லை. ஆக்சிஸ், பொஷ், சொனி ஆகிய மூன்றும் 2008இல் தொடங்கிய, வெவ்வேறு நிறுவனங்களின் சாதனங்கள் ஒன்றோடொன்று இணங்கி இயங்குவதற்கான ஒன்விஃப் பொதுமுறையை இந்தக் கமரா பின்பற்றுவதால், இலவச மென்பொருளொன்று வலையமைப்பைத் தேடி அந்த முகவரியை ஒரு நிமிடத்தில் தந்தது. ஒன்விஃப் இல்லாத கமராவை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்க வேண்டாம்.

உறுதியைப் பொறுத்தவரை, உறை உப்புக்காற்றைத் தாங்கிவிட்டது, திருகாணிகள் தாங்கவில்லை. ஐந்தாம் மாதத்தில் துருவின் சிவப்பு வழிந்து சுவரில் கோடிட்டது. துருப்பிடிக்காத எஃகுத் திருகாணிகளை முதலிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். கேபிள் இணையும் முனையை வெளியே தொங்கவிடாமல் நீர்புகாப் பெட்டிக்குள் வைத்தது நல்லதாயிற்று. ஐப்பசி இடிமழைக்கு முன் மின்னற் காப்புச் சாதனம் ஒன்றையும் இடையில் சேர்த்தேன். ஒரே கேபிளில் மின்சாரமும் படமும் செல்வதால் கமராவுக்கும் ரவுட்டருக்கும் ஒரு சிறிய பற்றரிப் பெட்டி போதும். மின்வெட்டின்போதும் படம் போகிறது. கேபிளின் நீளம் 100 மீற்றரைத் தாண்டக்கூடாது என்பதே அதன் வரம்பு. கண்ணாடியில் படியும் உப்பை, வாடைக் காலத்தில் நான்கு நாளைக்கு ஒருமுறை, மற்றக் காலத்தில் இரண்டு கிழமைக்கு ஒருமுறை, நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும். உலர்ந்த துணியால் துடைத்தால் உப்புத்துகள் கண்ணாடியைக் கீறிவிடும்.

கமராவைத் திருப்பும் திசையைத் தீர்மானிக்க ஒரு நாள் முழுவதும் எடுத்துக்கொண்டேன். கரையில் குளிப்பவர்களின் முகம் உலகமெங்கும் போவதை நான் விரும்பவில்லை. ஆகவே வில்லையைச் சற்று உயர்த்தி, கீழே எஞ்சிய குளிக்கும் பகுதியைக் கமராவிலேயே உள்ள மறைப்பு வசதியால் கறுப்பாக்கினேன். அந்த மறைப்பு கமராவுக்குள்ளேயே இடப்படுவதால், வெளியே போகும் எந்தப் படத்திலும் அப்பகுதி இருப்பதில்லை. ஒலிவாங்கியையும் நிறுத்திவைத்தேன். வள்ளங்கள் கிடக்கும் கரையோரம் படத்தில் விழுவதால், அங்கே மீன்பிடிக் குடில் வைத்திருக்கும் வாடிக்காரரிடம் முன்கூட்டியே கேட்டேன். அவர்கள் மறுக்கவில்லை. பிறகு அந்தப் பக்கத்தை அவர்கள்தான் அதிகம் பார்க்கத் தொடங்கினார்கள். மார்கழி மாதம் ஒரு நாள் விடிகாலையில் படம் நின்றுபோனபோது, நான் எழும்பு முன்னரே பக்கத்து வாடி அண்ணை அழைத்தார்: "தம்பி, கமராவில கடல் தெரியேல்லை. கண்ணாடியைக் கழுவுங்கோ, இண்டைக்கு இறங்கலாமோ எண்டு பாக்கவேணும்."

கண்ணாடியில் உப்பு இருக்கவில்லை. 4ஜி ரவுட்டர் இணைப்பை இழந்திருந்தது. ரவுட்டரை நிறுத்தித் திரும்ப இயக்கியதும் அடுத்த 10ஆவது விநாடியில் படம் வந்தது. கமரா அதுவரை தான் எடுத்தவற்றைத் தன் நினைவட்டையில் சேர்த்து வைத்திருந்தது.